சோயா அவரையில் இருக்கும் தடை: மரபணுத் திருத்தம் பற்றி ஒரு விளக்கம்

நமது ஆலய அன்னதானத்தில் வெள்ளிக்கிழமைதோறும் இடம்பெறும் தவ்வுப் பிரட்டலையும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பரிமாறப்படும் தெம்பே சம்பாலையும் சுவைக்காத அன்பர்கள் மிகச் சிலரே. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் மோருக்கும் பானகத்துக்கும் அடுத்தபடியாகச் சோயாப் பால்தான் அதிகம் செலவாகிறது. இவை மூன்றும் ஒரே விதையிலிருந்து வருபவை. புலால் சேர்க்காத பந்தியில் பருப்புக்கு அடுத்தபடி புரதம் தருவது சோயா அவரையே.

இவ்வாண்டு உபயக்காரர்கள் சிலர் செயலவைக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். சோயாவின் மரபணுவை விஞ்ஞானிகள் வெட்டி மாற்றுகிறார்கள் என்று தாங்கள் படித்ததாகவும், இறைவனுக்குப் படைத்து அடியார்களுக்கு இடும் உணவில் அப்படிப்பட்ட பொருள் இருப்பது முறையா என்றும் கேட்டார்கள். செயலவையில் இரு கருத்துகள் நிலவின. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் போதித்தவன் என்பதால், இதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுமாறு என்னிடம் ஒப்படைத்தார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த விதைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

காய்ந்த சோயா அவரையின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம், 20 விழுக்காடு எண்ணெய். நமது துவரையிலும் உளுந்திலும் புரதம் இதில் பாதியளவுக்குச் சற்று மேல்தான். இவ்வளவு செல்வத்தை ஒரு செடி தன் விதையில் சேர்த்து வைத்தால் அதைத் தின்னப் புழு வரும், வண்டு வரும், எலி வரும். காவல் இல்லாமல் செடி விட்டுவைக்குமா? அந்தக் காவலும் புரதங்களாகவே விதைக்குள் அமைந்திருக்கிறது. அவற்றுள் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, டிரிப்சின் தடுப்பான்கள். மற்றொன்று, லெக்டின் எனப்படும் ஒட்டும் புரதம். இது குடலின் உட்சுவரில் பற்றிக்கொண்டு சத்து உறிஞ்சப்படுவதைக் குலைக்கிறது.

டிரிப்சின் என்பது நமது கணையம் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்பும் ஒரு செரிமான நொதி. உணவிலுள்ள புரதத்தை மணிகள் கோத்த நீண்ட மாலை என்று வைத்துக்கொண்டால், டிரிப்சின் அந்த மாலையைத் துண்டு துண்டாக நறுக்கும் கத்தரிக்கோல். நறுக்கினால்தான் மணிகள் உதிர்ந்து இரத்தத்தில் சேரும். சோயாவின் தடுப்பான் நேராகச் சென்று இந்தக் கத்தரியின் இரு அலகுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. கத்தரி வெட்ட முடியாமல் நின்றுவிடுகிறது. உடனே உடல், கத்தரி போதவில்லை என்று எண்ணிக் கணையத்தை மேலும் சுரக்கச் சொல்கிறது. பச்சைச் சோயாவைத் தின்ற கோழிக்குஞ்சுக்கும் எலிக்கும் கணையம் வீங்கிப் பெருத்துவிடுவது இதனால்தான். இதில் இரட்டை நட்டம் உண்டு. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் சோயாவில் இயல்பாகவே குறைவு. கணையம் சுரக்கும் நொதிகளிலோ அவை நிறைந்திருக்கும். வீணாகச் சுரந்த நொதி கழிவோடு வெளியேறும்போது உடலில் இருந்த அந்தச் சத்தும் சேர்ந்தே போய்விடுகிறது. உண்டது சேரவில்லை, இருந்ததும் போயிற்று.

இதற்கு மனிதன் கண்ட முதல் மருந்து நெருப்பு. சீனரும் ஜாவானியரும் சோயாவை ஊறவைத்து, வேகவைத்து, அதன் பிறகே தவ்வாகவும் தெம்பேயாகவும் ஆக்கினார்கள். நம் பாட்டிமார் மொச்சையை இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்ததும் இதே வழிதான். இதற்கு அறிவியல் சான்று கிடைத்தது 1917-இல். அமெரிக்காவின் ஆஸ்போர்ன், மெண்டல் என்னும் இரு ஆய்வாளர்கள், பச்சைச் சோயாவைத் தின்ற எலிகள் வளராததையும், வேகவைத்த சோயாவைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்ததையும் கண்டு எழுதினார்கள். வெப்பத்தில் தடுப்பானின் மடிப்பு கலைந்து, கத்தரியில் மாட்டும் வடிவத்தை அது இழந்துவிடுகிறது.

இங்கே மடைப்பள்ளித் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சோயாப் பால் அடுப்பிலிருக்கும்போது ஏறத்தாழ 80 பாகை செல்சியஸிலேயே நுரைத்துப் பொங்கி எழும். பார்ப்பவர்கள் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். அது பொய்க் கொதி. விதையிலுள்ள சபோனின் என்னும் பொருள் சோப்பைப்போல் நுரைப்பதால் வருவது. தீயைத் தணித்து, துழாவி, நுரை அடங்கியபின் உண்மையாகக் கொதிக்கவிட்டு, மேலும் 10 நிமிடமாவது அடுப்பில் வைத்திருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு சீனாவின் லியாவ்னிங் மாநிலத்திலுள்ள ஹாய்செங் நகரில், பள்ளியில் கொடுக்கப்பட்ட சோயாப் பாலைக் குடித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்றார்கள். பாலிலிருந்த இந்தத் தடுப்புப் புரதங்கள் முழுமையாக அழியாததே காரணமாகச் சொல்லப்பட்டது. தைப்பூசத்தன்று நாம் கொடுப்பதும் பெரிய அண்டாக்களில் காய்ச்சிய பால்தான். மரபணுவைப் பற்றிக் கவலைப்படும் அன்பர்கள் அந்தக் கவலையில் ஒரு பங்கை இந்த அண்டாவுக்கும் ஒதுக்கினால் நான் மகிழ்வேன்.

நெருப்பு இருக்க, மரபணுவைத் தொடுவானேன் என்று கேட்கலாம். உலகில் விளையும் சோயாவில் பெரும்பகுதி மனிதர் தட்டுக்கு நேரே வருவதில்லை. எண்ணெய் பிழிந்த பிறகு பிண்ணாக்காகக் கோழிக்கும் பன்றிக்கும் வளர்ப்பு மீனுக்கும் போகிறது. அந்தப் பிண்ணாக்கையெல்லாம் வறுத்தாக வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும், ஆலை வேண்டும். வெப்பம் குறைந்தால் தடுப்பான் தங்கிவிடும். மிகுந்தால் லைசின் என்னும் அரிய அமினோ அமிலம் கருகிப்போகும். ஆலை வசதியில்லாத சிறு விவசாயி தன் வயலில் விளைந்த சோயாவைத் தன் கோழிக்கு அப்படியே போட முடியாது. தடுப்பானே இல்லாத விதை கிடைத்தால் இந்தத் தொல்லை குறையுமே என்னும் எண்ணத்திலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்கியது.

முதலில் தடுப்பானைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கியவர் மோசஸ் குனிட்ஸ் என்னும் அறிவியலாளர், ஆண்டு 1945. அவர் பெயராலேயே அது குனிட்ஸ் தடுப்பான் எனப்படுகிறது. சோயாவில் பௌமன்–பர்க் என்னும் இன்னொரு தடுப்பானும் உண்டு. அது உருவில் சிறியது, ஆனால் வெப்பத்தை அதிகம் தாங்குவது. விதையின் தடுப்பாற்றலில் பெரும்பங்கு குனிட்ஸ் தடுப்பானுடையதே.

அடுத்து நடந்ததை நான் மிகவும் ரசித்துப் படித்தேன். அமெரிக்க வேளாண்மைத் துறை உலகின் பல பகுதிகளிலிருந்தும் சோயா விதைகளைத் திரட்டி ஒரு விதைக் களஞ்சியத்தில் பாதுகாத்து வருகிறது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தியடோர் ஹைமோவிட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த விதைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கொரியாவிலிருந்து வந்த ஒரு விதையில் குனிட்ஸ் தடுப்பான் இல்லவே இல்லை என்பதை 1979-இல் அறிவித்தார்கள். யாரும் அதை மாற்றவில்லை. எந்த ஆய்வுக்கூடமும் அதைத் தொடவில்லை. கொரிய விவசாயிகள் காலங்காலமாக விதைத்து வந்த செடிகளுக்கு நடுவே இயற்கையாகத் தோன்றிய ஒரு மாறுதல் அது.

அந்த மாறுதல் என்ன என்பது 1989-இல் தெரியவந்தது. மரபணு என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வாசகம். மும்மூன்று எழுத்தாகப் படித்துச் செல்ல வேண்டும். கொரிய விதையில் குனிட்ஸ் மரபணுவுக்குள் சில எழுத்துகள் பிறழ்ந்திருந்தன. நடுவில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால் அதன் பிறகு வரும் எல்லாச் சொல்லும் பிறழ்ந்துவிடும் அல்லவா? வாசகம் பொருளற்றுப்போக, செடி அந்தப் புரதத்தைச் செய்வதை விட்டுவிட்டது. மற்றபடி அது முளைத்தது, பூத்தது, காய்த்தது.

இந்தக் கொரிய விதையின் குணத்தை வழக்கமான ஒட்டுக் கலப்பின் மூலம் அமெரிக்கச் சாகுபடி இரகத்தில் புகுத்தி 1991-இல் ஒரு புதிய இரகம் வெளியிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் குனிட்ஸ். குனிட்ஸ் தடுப்பான் இல்லாத அவரைக்கு குனிட்ஸ் என்றே பெயர்! பெயர் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். கோழிக்கும் பன்றிக்கும் இதைப் பச்சையாகக் கொடுத்துப் பார்த்தபோது, சாதாரணப் பச்சைச் சோயாவைவிட நன்றாக வளர்ந்தன. ஆனால் வறுத்த சோயாவுக்கு அது ஈடாகவில்லை. மற்றத் தடுப்பானும் லெக்டினும் உள்ளே இருந்தனவே! ஒரு பூட்டைக் கழற்றினாலும் கதவில் வேறு பூட்டுகள் இருந்தன.

இந்தியாவிலும் இவ்வழி பின்பற்றப்பட்டது. இந்தூரிலுள்ள இந்திய சோயா ஆராய்ச்சி நிறுவனம், அதே அமெரிக்க 'குனிட்ஸ்' இரகத்தை மத்திய இந்தியாவின் இரகம் ஒன்றோடு பலமுறை கலந்து, குனிட்ஸ் தடுப்பான் இல்லாத முதல் இந்திய இரகமான என்.ஆர்.சி. 127-ஐ உருவாக்கியது. 2018-இல் அது சாகுபடிக்கு வந்தது. இதிலும் மரபணு வெட்டப்படவில்லை. எந்தச் செடியில் விரும்பிய குணம் இறங்கியிருக்கிறது என்பதை இளஞ்செடியின் மரபணுவைப் பரிசோதித்துத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவே.

மரபணுவில் நேராகக் கை வைத்த கதை வேறொரு புரதத்தைப் பற்றியது. சோயா ஒவ்வாமையால் துன்பப்படும் குழந்தைகள் உண்டு. அந்த ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று பி 34 என்னும் புரதம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் எலியட் ஹெர்மனும் அவருடைய குழுவினரும் 2003-இல் சோயாவிலுள்ள அந்த மரபணுவை வாயடைக்கச் செய்தார்கள். வேறோர் உயிரின் புரதத்தை அவர்கள் அதில் புகுத்தவில்லை; சோயாவின் சொந்த மரபணுவின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே செலுத்தி, செடியே அந்த மரபணுவைப் பேசவிடாமல் தடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். விதையில் பி 34 மறைந்தது. செடி வழக்கம்போல் வளர்ந்தது.

ஆனால் அந்தச் சோயா கடைக்கு வரவில்லை. மரபணு மாற்றிய பொருளைக் குழந்தை உணவில் சேர்க்க உற்பத்தியாளர்களுக்குத் தயக்கம். பெற்றோருக்கு அதைவிடத் தயக்கம். எனவே ஆராய்ச்சி மீண்டும் விதைக் களஞ்சியத்தின் வாசலுக்கே வந்தது. 16,000-க்கும் மேற்பட்ட சோயா வகைகளைச் சோதித்து, பி 34 மிகச் சொற்பமாக உள்ள விதைகளைக் கண்டுபிடித்து 2006-இல் அறிவித்தார்கள். பின்னர் ஹெர்மன், மோனிகா ஷ்மிட், ஹைமோவிட்ஸ் ஆகியோர், குனிட்ஸ் தடுப்பான் இல்லாதது, லெக்டின் இல்லாதது, பி 34 குறைந்தது ஆகிய மூன்று குணங்களையும் ஒரே செடியில் கலப்பு முறையிலேயே சேர்த்தார்கள். ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு. 2015-இல் அதன் விவரம் வெளியானது. பொறுமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என் ஆசிரியர் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தால் வகுப்பில் சொல்லியிருப்பேன்.

உபயக்காரர்கள் படித்த செய்தி இதற்கும் பிந்தியது. கிரிஸ்ப்பர் என்னும் மரபணு வெட்டும் முறையை ஜெனிபர் டவுட்னா, இம்மானுவேல் ஷார்பான்டியே என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 2012-இல் உலகுக்கு விளக்கினார்கள். 2020-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரசை வெட்டியெறியப் பயன்படுத்தும் கருவியே இதன் மூலம். முன்பு டிரிப்சின் கத்தரியைப் பார்த்தோம். இதுவும் ஒரு கத்தரிதான், புரதத்தை அன்றி மரபணுவை வெட்டுவது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று முகவரி எழுதிக் கொடுத்தால், அந்த இடத்தைத் தேடிப்போய் வெட்டும். செடி வெட்டுப்பட்ட இடத்தைத் தானே ஒட்டிக்கொள்ளும்போது ஓரிரு எழுத்து விழுந்துவிடும் அல்லது கூடிவிடும். வாசகம் பிறழ்ந்து அந்த மரபணு செயலிழக்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையில் விதையிலுள்ள இரண்டு குனிட்ஸ் மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து 2023-இல் எழுதினார்கள். விதையின் தடுப்பாற்றல் வெகுவாகக் குறைந்தது. செடியின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கொரிய வயலில் இயற்கை செய்த எழுத்துப் பிழையையும், வர்ஜீனியாவில் மனிதன் வேண்டுமென்றே செய்த எழுத்துப் பிழையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முடிவில் விதைக்கு நேர்ந்தது ஒன்றே: ஒரு புரதம் செய்யும் வழி அடைபட்டது.

ஆயினும் இரண்டும் முற்றிலும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். கத்தரியைச் செடிக்குள் அனுப்ப, அக்கத்தரியைச் செய்யும் பாக்டீரிய மரபணுவைத் தற்காலிகமாகச் செடியில் புகுத்த வேண்டியிருக்கிறது. அடுத்த தலைமுறை விதைகளில் அது இறங்காத செடிகளைத் தெரிந்தெடுத்து, மற்றவற்றை ஒதுக்கலாம். ஒழுங்காக ஒதுக்கினார்களா என்பதைச் சோதித்துச் சான்று தர வேண்டியது அவர்கள் கடமை, கேட்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. நம் நாட்டில் இதற்கென 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

சைவ அன்பர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி, விலங்கின் மரபணு ஏதும் சேருகிறதா என்பது. மேலே சொன்ன எதிலும் விலங்கின் மரபணு சேர்க்கப்படவில்லை. இவை யாவும் உள்ளதை நீக்கும் முயற்சிகள். நீக்குவதையும் சேர்ப்பதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. சேர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. சோயாவில் குறைவாயுள்ள மெதியோனின் சத்தைக் கூட்டுவதற்காகப் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை அதில் சேர்த்தார்கள். பிரேசில் கொட்டை ஒவ்வாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாது என்று 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. சோதனை தன் வேலையைச் செய்தது.

நீக்குவதிலும் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் திருடன் வரமாட்டானா? புழு கடித்த தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் இத்தகைய தடுப்பான்கள் பெருகுவதை 1972-இல் கிளாரன்ஸ் ரயன் குழுவினர் காட்டினார்கள். 1987-இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தார் தட்டைப்பயற்றின் டிரிப்சின் தடுப்பானைப் புகையிலைச் செடியில் சேர்த்துப் புழுவை எதிர்க்க வைத்தார்கள். ஓரிடத்தில் இதே வகைப் புரதத்தைச் சேர்க்கிறார்கள், வேறோரிடத்தில் நீக்குகிறார்கள்! ஆகவே தடுப்பானை இழந்த சோயா வயலில் பல பருவம், பல மண்ணில் நின்று காட்ட வேண்டும் என்பது என் கருத்து. கண்ணாடி வீட்டில் நன்றாக வளர்ந்தது போதாது.

இப்போது நமது பந்திக்கு வருவோம். உலகச் சந்தையில் பெருகியுள்ள மரபணு மாற்றிய சோயா நான் இதுவரை விளக்கிய வகை அன்று. அது 1996 முதல் அமெரிக்காவில் பயிரிடப்படும் களைக்கொல்லி தாங்கும் சோயா. இன்று அந்நாட்டுச் சோயா வயல்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்றிய இரகங்களே. அதில் வேறோர் உயிரின், அதாவது ஒரு மண் பாக்டீரியாவின், மரபணு சேர்க்கப்பட்டிருக்கிறது. விதை யாருக்குச் சொந்தம், களைக்கொல்லி எவ்வளவு தெளிக்கப்படுகிறது என்பவை அதைப் பற்றிய கேள்விகள். அவை தனிக் கட்டுரைக்குரியவை. அதை விரும்பாத உபயக்காரர்கள், மரபணு மாற்றாதது என்று முத்திரையிட்ட சோயாவை வாங்கித் தரும்படி கேட்கலாம். விலை சற்றுக் கூடும். அதைத் தவிர செயலவைக்கு இதில் தடை சொல்ல ஏதுமில்லை என்றே நினைக்கிறேன். களைக்கொல்லி தாங்கும் சோயாவின்மேல் உள்ள ஐயத்தைக் காட்டி, தடுப்பானை நீக்கும் ஆராய்ச்சியைப் பழிப்பதும், தவ்வையே பந்தியிலிருந்து விலக்குவதும் பொருந்தாது என்பது என் தாழ்மையான கருத்து.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பி 34 குறைந்த சோயா வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சோயாவில் ஒவ்வாமை தரும் புரதங்கள் வேறும் பல உண்டு. ஒன்றைக் குறைத்தால் மற்றவை போய்விடுவதில்லை. வேகவைத்தாலும் அவை முழுதும் அழிவதில்லை. நம் ஆலயத்துக்கு வாரந்தோறும் வரும் ஓர் அம்மையார், பந்தியில் அமரும் முன்பே ஒவ்வொரு கறியையும் காட்டி, "ஐயா, இதில் சோயா இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மகனுக்கு இடச் சொல்வார். சைவ இறைச்சி, சோயா சாஸ், சில வகை மாவுகள் ஆகியவற்றிலும் சோயா மறைந்திருப்பதால், பரிமாறும் தொண்டர்களுக்கே சில நேரம் பதில் தெரிவதில்லை. அன்னதானக் கூடத்தின் வாசலில் அன்றைய கறிகளின் பெயரையும், சோயா சேர்ந்தவை எவை என்பதையும் எழுதிவைக்க ஒரு கரும்பலகை வேண்டுமென்று செயலவையில் கேட்டிருக்கிறேன். பலகைக்கு உபயம் ஏற்க விரும்பும் அன்பர்கள் ஆலய அலுவலகத்தில் தெரிவிக்கலாம். சுண்ணக்கட்டி நான் கொண்டு வருகிறேன்.